கருங்கடலின் அடியில் ஒரு சொல்லின் பொருள்

ஸினோப் துறைமுகத்தில் ஏறத்தாழ நாற்பது நாள்கள் தங்கியபின், கிரேக்கர்க்குரிய கப்பலொன்றை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு இப்னு பதூதா கருங்கடலைக் கடக்கப் புறப்பட்டார். நடுக்கடலில் புயல் வளைத்துக்கொண்டது. தாம் 'தாரிமா'வினுள் இருந்ததாகவும், உடனிருந்த மக்ரிபியரை மேலே சென்று கடலின் நிலையைப் பார்த்துவரச் சொன்னதாகவும், திரும்பிவந்த அவர் இறுதி விடை கூறியதாகவும் ரிஹ்லாவில் காண்கிறோம். குவிமாடம் போன்ற மரவீடு என்று அரபு அகராதிகள் இச்சொல்லுக்குப் பொருள் தரும். பிறமொழியிலிருந்து வந்து கலந்தது என்றும் குறிக்கும். அகராதி அதற்கு மேல் உதவாது.

2015 முதல் 2017 வரை, சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக அறிஞர்கள் பல்கேரிய ஆய்வாளர்களுடன் இணைந்து அக்கடலின் அடித்தளத்தை ஆராய்ந்தனர். அவர்கள் தேடியது, பனிக்காலத்திற்குப் பின் கடல்மட்டம் உயர்ந்த வரலாற்றை. வழியில் எதிர்ப்பட்டவையோ அறுபதுக்கும் மேற்பட்ட கப்பல்கள்! ஆளில்லா ஊர்திகளில் பொருத்திய விளக்குகளும் கேமராக்களும் ஒவ்வொன்றையும் சுற்றிவந்து ஆயிரக்கணக்கான படங்களை எடுத்தன. கணினி அவற்றை இணைத்து முப்பரிமாண உருவாக்கியது.

மரம் ஏன் மக்கவில்லை? தன்யூப் முதலான ஆறுகளின் நன்னீர் மேலே மிதக்கிறது. பாஸ்பரஸ் நீரிணை வழியே நுழையும் கனத்த உப்புநீர் கீழே தங்குகிறது. இரண்டும் எளிதில் கலப்பதில்லை. எனவே சுமார் 150 மீட்டருக்குக் கீழே பிராணவாயு இல்லை; மரத்தைத் துளைக்கும் கடற்புழுக்கள் அங்கே வாழ இயலாது. 2018-இல் அறிவிக்கப்பட்ட ஒரு கிரேக்கக் கப்பல், இரண்டு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் 2,400 ஆண்டுகளாகப் பாய்மரம் நிற்கக் கிடந்தது. உஸ்மானியர் காலக் கப்பலொன்றில் பூவிதழாகச் செதுக்கிய மரத்தூண்கள் உள்ளன. ஆய்வாளர் அதற்குக் 'கருங்கடலின் மலர்' என்றே பெயரிட்டனர்.

நம் கவனத்திற்குரியது, 13 அல்லது 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததெனக் கணிக்கப்படும் கப்பலே. அதன் பின்புறத்தில், மாலுமிகளின் தலைவன் நின்று கப்பலைச் செலுத்திய உயர்தளம் இன்றும் தெரிகிறது. அக்காலத்துக் கப்பல்களில் அப்படியொரு தளம் இருந்ததை ஓவியங்களாலும் ஏடுகளாலும் மட்டுமே அதுவரை அறிந்திருந்தனர். இதுவே தாரிமா என்று நான் வாதிடவில்லை. ஹிஜ்ரி 756-இல் (கி.பி. 1355) நிறைவுற்ற ரிஹ்லாவின் சில பகுதிகளை, குறிப்பாகப் பல்கார் பயணத்தை, ஆய்வாளர் ஐயுறுவதையும் இப்படம் தீர்த்துவைக்காது. எனினும், புயலில் ஒருவர் உள்ளே இருக்க மற்றவர் மேலே ஏறிப் பார்த்துவந்த செய்தியை வகுப்பில் படிக்கும் மாணவனுக்கு, அந்நூற்றாண்டின் மரத்தளம் ஒன்றையே இனிக் காட்டலாம்.