கருவியும் உறுதியும்

மக்கள் ஒருங்கு திரள்வதற்கு ஒரு செய்தி வேண்டும். அதனைச் சுமந்து செல்ல ஒரு கருவியும் வேண்டும். முன்னாளிற் பறையும் பின்னர் அச்சுக்கூடமும் செய்த பணியை இந்நாளிற் கைத்தொலைபேசி ஏற்றுக்கொண்டது. இம்மாற்றத்தால் மக்கள் இயக்கங்கள் பெற்றது யாது, பெறாதது யாது என்பதை நம் நாட்டுச் சரித்திரங்கொண்டே ஆராய்வோம்.

1924ஆம் ஆண்டிலே ஹண்டி பேரின்பநாயகம் முதலியோரின் முயற்சியால் யாழ்ப்பாணத்தில் மாணவர் காங்கிரஸ் தோன்றியது. பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற அச்சபை, டொனமூர் அரசியற்றிட்டம் பூரண சுயராச்சியம் தரவில்லையெனக் கண்டித்து, 1931இல் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு வேண்டியது. மேடைப்பேச்சும் ஊர்க்கூட்டமும் பத்திரிகையுமே அவர்தம் கருவிகள். எனினும், வடபகுதியின் நான்கு தொகுதிகளில் ஒருவரேனும் நியமனப் பத்திரந் தாக்கல் செய்திலர். 1934 வரை அவ்வாசனங்கள் வெறுமையாகவே கிடந்தன. முகமறிந்தோர் ஒருவர்க்கொருவர் கொடுத்த வாக்கின் வலிமை அது. ஆயினும், தென்பகுதி அவர்களைப் பின்பற்றவில்லை. குரல் வடக்கோடு நின்றுவிட்டது.

2022ஆம் ஆண்டில் நிலைமை வேறு. எரிபொருளும் மருந்தும் அருகி, மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலமாக நீண்ட காலம் அது. மார்ச் 31ஆந் திகதி இரவு மிரிஹானையிலே சனாதிபதியின் இல்லத்தின் முன் மக்கள் திரண்ட காட்சி, முகநூல் வழியே உடனுக்குடன் நாடெங்கும் பரந்தது. ஏப்ரில் 3ஆந் திகதி அரசாங்கம் முகநூல், வட்ஸ்அப் முதலிய தளங்களை முடக்கியது; அன்றே அத்தடையை நீக்கவும் நேர்ந்தது. ஏப்ரில் 9இல் காலிமுகத்திடல் நிறைந்தது. யூலை 9இல் மக்கள் சனாதிபதி மாளிகையினுட் புகுந்தனர். யூலை 14இல் சனாதிபதி சிங்கப்பூரிலிருந்து தமது இராஜிநாமாக் கடிதத்தை மின்னஞ்சலிலேயே அனுப்பினார். ஆனால், யூலை 22 அதிகாலையிற் படையினர் கூடாரங்களைத் தகர்த்தபோது, முன்னர் திரண்ட பெருங்கூட்டம் அங்கில்லை. விரைந்து கூட்டிய கருவி, கூடியோரை நிலைநிறுத்தவில்லை.

மற்றொன்றும் மறக்கற்பாலதன்று. காணாமலாக்கப்பட்ட தம் பிள்ளைகளைத் தேடுந் தாய்மார், 2017 பெப்ரவரி 20ஆந் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் அமர்ந்து தம் போராட்டத்தைத் தொடங்கினர். காலிமுகத்திடல் நிறைந்த நாளில் அது ஐந்தாண்டைக் கடந்திருந்தது. அவர்தம் படங்களும் அதே இணையத்திற்றான் இருந்தன. நின்று பார்த்தோர் எத்தனை பேர்? குறை கருவியிலன்று, காணும் மனத்திலேயாம்.

அம்மனமும் மாறக்கூடியதே. 2022 மே 18ஆந் திகதி, அதே காலிமுகத்திடலில் முள்ளிவாய்க்காலில் மாண்டோரை நினைந்து கஞ்சி வழங்கப்பட்டது. சிங்கள மக்களும் அதிற் பங்குகொண்டனர். இதனைச் சாதித்தது கைத்தொலைபேசியன்று. பல வாரம் ஒரே திடலில் உண்டும் உறங்கியும் உரையாடியும் வந்த பழக்கமே எனக் கருதுகிறோம்.

1931இன் வாலிபரிடம் உறுதி இருந்தது. எட்டுங் குரல் இருக்கவில்லை. இன்று குரல் எட்டாத இடமில்லை. மூத்தோர் அறிந்த உறுதியையும் இளையோர் அறிந்த கருவியையும் ஒருங்கே கொள்ளுதல் நம் கடன். அத்தாய்மாரின் படத்தைப் பிறர்க்கு அனுப்புதல் நன்று. அனுப்பிய பின் எழுந்து சென்று, அவர்கள் அருகிற் சிறிது பொழுதேனும் அமர்ந்திருத்தல் அதனினும் நன்று.