பெங்கால் பூனையும் எங்க பத்தனைக் காட்டுப் பூனையும்

பெங்கால் பூனை வீடியோ பார்க்காதவங்க நம்மில் குறைவு. உடம்பெல்லாம் சிறுத்தைப் புள்ளி, அலுமாரி உச்சிக்கு ஒரே தாவல், குழாய்த் தண்ணியில விளையாட்டு. பார்த்ததும் "எனக்கும் ஒண்ணு வேணும்"னு தோணும். ஆனா இந்தப் பூனையோட வரலாறு அக்கரப்பத்தனைப் பக்கம் இருக்கிற நமக்கு ஒரு எச்சரிக்கையும் சொல்லுது.

பேரைக் கேட்டு வங்காளத்துப் பூனைன்னு நினைக்க வேண்டாம். ஆசியக் காடுகளில் வாழும் சிறுத்தைப் பூனைக்கு 1792இல் வைக்கப்பட்ட இலத்தீன் பெயரில் வங்காளம் இருந்தது. பெங்கால் என்ற பேர் அங்கிருந்து வந்தது. பூனை உருவானது அமெரிக்காவில். 1963இல் ஜீன் மில் என்ற பெண், தான் வளர்த்த சிறுத்தைப் பூனையை வீட்டுப் பூனையோடு சேர்த்துக் குட்டி எடுத்தார். பிறகு வில்லார்ட் சென்டர்வால் என்ற விஞ்ஞானி, பூனைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய் பற்றிய ஆய்வுக்காக இதே கலப்பைச் செய்தார். அந்தக் கலப்புப் பூனைகள் சில மில்லின் கைக்கு வந்தன. 1982இல் டெல்லி மிருகக்காட்சிசாலையில் திரிந்த புள்ளி போட்ட ஒரு தெருப் பூனையையும் அவர் இந்த வம்சத்தில் சேர்த்தார். 1986இல் சர்வதேசப் பூனைச் சங்கம் இதைப் புதிய இனமாக ஏற்றுக்கொண்டது.

முதல் சில தலைமுறைகளில் ஆண் குட்டிகள் பெரும்பாலும் மலடு. அந்தத் தலைமுறைப் பூனைகள் மனிதர்களிடம் சுலபமா ஒட்டாது. அதனாலதான் இன்று வீட்டில் வளர்ப்பது பெரும்பாலும் நாலு தலைமுறை தாண்டியவை. அவற்றுக்கும் தினமும் ஓட்டம், ஏற்றம், விளையாட்டு வேணும். இல்லாட்டி வீட்டையே பிரிச்சுப் போட்டுடும். அழகுக்காக வாங்கி, சமாளிக்க முடியாம கைவிடுறவங்களும் உண்டு.

சரி, இதுக்கும் நமக்கும் என்ன?

சிறுத்தைப் பூனை இலங்கையில் இல்லை. ஆனா அதே பேரினத்தைச் சேர்ந்த இரண்டு பூனைகள் இங்கே இருக்கு: மீன்பிடிப் பூனை, செம்புள்ளிப் பூனை. செம்புள்ளிப் பூனை உலகத்தின் மிகச் சிறிய பூனைகளில் ஒன்று. வளர்ந்த பூனையே ஒன்றரைக் கிலோ அளவுதான். 1831இல் பாண்டிச்சேரியில் கிடைத்த உடலை வைத்துத்தான் அதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்தார்கள். நம்ம ஈரவலயத்து வகைக்கு 1939இல் 'பிலிப்ஸி' என்று பெயர் வந்தது. இலங்கைப் பாலூட்டிகள் பற்றி 1935இல் நூல் எழுதிய பிலிப்ஸ் ஒரு தோட்டத் துரை. நமக்குப் பக்கத்து ஹோர்டன் சமவெளியில், 2,000 மீட்டருக்கு மேலேயும் இந்தப் பூனை பதிவாகியிருக்கு. ராத்திரியில் எலி, தவளை, பூச்சி பிடிச்சுத் தின்னும். தோட்டத்துக்கு அதனால் நன்மைதான்.

இதையும் வீட்டில் வளர்த்துப் பார்த்தவர் இருக்கிறார். மதராஸ் படையில் மருத்துவராக இருந்த ஜெர்டனுக்கு 1846இல் ஒரு குட்டி கிடைத்தது. நல்லாப் பழகி, பார்த்தவங்களை எல்லாம் மயக்கியது. எட்டு மாதமானபோது ஒரு மான் குட்டி இருந்த அறைக்குள் விட்டார். பார்த்த உடனே பாய்ந்து அதன் பிடரியைக் கவ்விக்கொண்டது. பிரிக்கப் பெரும்பாடு பட்டார்கள்.

கடிபடுவதை விடப் பெரிய ஆபத்து ஒண்ணு இருக்கு. அதுக்கு ஸ்கொட்லாந்தைப் பார்க்கணும். கிளாஸ்கோ, பெல்மோரல் என்று நம்ம தோட்டங்களுக்குப் பேர் வந்தது அங்கிருந்துதானே. அந்த நாட்டுக்கென்று ஒரு காட்டுப் பூனை இருந்தது. வேட்டையாடியும் காட்டை அழித்தும் அதைக் குறைத்தார்கள். மிஞ்சியது வீட்டுப் பூனைகளோடு கலந்து கலந்து கரைந்தது. தானாகப் பிழைக்கக்கூடிய கூட்டம் இனி அங்கே இல்லை என்று 2019இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். 2023இல் கூண்டில் வளர்த்த பூனைகளைத் திரும்பக் காட்டில் விட்டார்கள். விட்ட இடம் கெய்ர்ங்கோம்ஸ். உண்மையான பெல்மோரல் மாளிகை இருப்பதும் அந்தத் தேசியப் பூங்காவுக்குள்தான்.

செம்புள்ளிப் பூனையும் வீட்டுப் பூனையோடு கலப்பதாக இலங்கையிலும் இந்தியாவிலும் தகவல்கள் உண்டு, இன்னும் உறுதியாகவில்லை. ஆனா லயத்துப் பூனைகள் ராத்திரியில் தேயிலைக்குள்ளும் காட்டு ஓரத்திலும் திரிவது நமக்குத் தெரிஞ்சதுதான். அமெரிக்காவில் கலப்பு ஒரு புது இனத்தைத் தந்தது. அங்கே சிறுத்தைப் பூனைக்கு ஒரு குறையும் வரவில்லை; அதன் காடு கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. நம்ம லயமும் காடும் ஒட்டி இருக்கு. இங்கே கலப்பு நடந்தா ஒரு பழைய இனம் சத்தமில்லாமப் போயிடும்.

நாம செய்ய வேண்டியது பெரிசா ஒண்ணுமில்லை. வீட்டுப் பூனைக்குக் கருத்தடை செய்யலாம். கொழுந்து எடுக்கும்போது புள்ளிக் குட்டி கண்ணில் பட்டா தூக்கிட்டு வராம விட்டு விலகலாம். தாய் தேடி வரும். பிலிப்ஸ் துரையின் பேர் அந்தப் பூனைக்கு நிலைச்சிடுச்சு. நம்ம அப்பாயி, அம்மாயி அதை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டாங்கன்னு கேட்டு எழுதி வைக்கிறதும் நம்ம வேலைதான்.