உயிர் போகுமுன் ஒரு ரிப்பன்

ஃபீல்டு மார்ஷல் சாம் மானெக்‌ஷாவின் வாழ்க்கையை எழுதியவர்கள் பெரும்பாலும் விடாமல் சொல்லும் காட்சி ஒன்று உண்டு. 1942 பிப்ரவரி 22, பர்மாவின் சிட்டாங் ஆற்றுப் பாலம். ஜப்பானியர் பிடித்துவைத்திருந்த பகோடா குன்றின் மீது தன் கம்பெனியோடு ஏறிய இளம் கேப்டனின் வயிற்றில் இலகு இயந்திரத் துப்பாக்கியின் குண்டுகள் பாய்கின்றன. குண்டுகள் ஏழு என்பவர் உண்டு, ஒன்பது என்பவரும் உண்டு. பிழைக்கமாட்டார் என்று எல்லோரும் நினைக்கும்போது மேஜர் ஜெனரல் டேவிட் கோவன் வருகிறார். தன் சட்டையில் இருந்த மிலிட்டரி கிராஸ் ரிப்பனைக் கழற்றி அந்த கேப்டனின் நெஞ்சில் குத்துகிறார். ‘செத்தவனுக்கு இந்த விருது தர முடியாது’ என்று ஒரு வசனத்தையும் அவர் வாயில் வைப்பார்கள்.

இது உணர்ச்சியைத் தொடும் கதை. ஆனால் ஒரு ராணுவ அதிகாரி நெஞ்சில் அணியும் ஒவ்வொரு ரிப்பனுக்குப் பின்னாலும் ஒரு காகிதம் இருக்கும். பரிந்துரை, கையெழுத்துகள், அரசிதழ் என்று அது நகர்ந்த பாதை இருக்கும். இந்தக் கதை அந்தப் பாதையோடு பொருந்துகிறதா என்று பார்க்க விரும்பினேன்.

எளிதில் கையில் கிடைப்பது லண்டன் அரசிதழ். அதன் பழைய இதழ்கள் முழுக்க இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மானெக்‌ஷாவின் மிலிட்டரி கிராஸ் 1942 ஏப்ரலில், பர்மா போர்க்களத்துக்கான பட்டியலில் வெளியானது. எனவே விருது உண்மை. அதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஆனால் அரசிதழ் இதற்கு மேல் பேசாது. இரண்டாம் உலகப் போரில் விக்டோரியா கிராஸ் போன்ற மிக உயர்ந்த விருதுகளுக்குத்தான் என்ன செய்தார் என்ற விவரம் அச்சாகும். மிலிட்டரி கிராஸ் பெற்றவருக்குப் பெயர், பதவி, படைப்பிரிவு ஆகியவற்றோடு சரி. அரசு அச்சிடாமல் விட்ட இந்த இடத்தில்தான் வாய்மொழிக் கதைகள் வளர்ந்தன என்பது என் கணிப்பு.

தேதியே ஒரு தடயம். பிப்ரவரி கடைசி வாரத்தில் நடந்த சண்டைக்கு ஏப்ரலில் அறிவிப்பு வந்திருக்கிறது. புத்தாண்டிலும் மன்னர் பிறந்தநாளிலும் மொத்தமாக வரும் பட்டியல்களுக்காக இந்தப் பெயர் காத்திருக்கவில்லை. களத்தில் கண்ட செயலுக்கு உடனே தரும் விருது இந்த வேகத்தில்தான் நகரும். தோல்வியில் சிதறிப் பின்வாங்கிக்கொண்டிருந்த ஒரு படைக்கு இது மிகப் பெரிய வேகம்.

சிதறல் என்பது மிகையான சொல் அல்ல. பிப்ரவரி 23 விடியற்காலையில், மானெக்‌ஷா இருந்த 17வது இந்திய டிவிஷனின் இரண்டு பிரிகேடுகள் இன்னும் கிழக்குக் கரையில் இருக்கும்போதே சிட்டாங் பாலம் தகர்க்கப்பட்டது. கனரகத் தளவாடங்களையும் வண்டிகளையும் விட்டுவிட்டு, மூங்கில் தெப்பங்களிலும் நீந்தியும் ஆற்றைக் கடந்தார்கள். மறுநாள் தலை எண்ணியபோது காலாட்படையில் மிஞ்சியது 3,484 பேர். அவர்களிடம் இருந்த ரைஃபிள்கள் 1,420. ரைஃபிளையே விட்டு நீந்தியவர்கள் காகிதக் கட்டுகளைத் தூக்கி வந்திருப்பார்களா? அந்த வாரத்தைத் தேடும் ஆய்வாளர் பின்னால் எழுதப்பட்டவற்றை நம்பியே போகவேண்டும். பின்னால் எழுதும்போது பதவிகள் தடுமாறும்.

இந்தக் கதையிலும் பதவிதான் தடுமாறுகிறது. கதை கோவனை மேஜர் ஜெனரல், அதாவது டிவிஷன் தளபதி ஆக்குகிறது. ஆனால் பிப்ரவரி 22 அன்று அந்த டிவிஷனின் தளபதி ஜான் ஸ்மைத், 1915இல் பிரான்சில் விக்டோரியா கிராஸ் வாங்கியவர். பாலத்தைத் தகர்க்கலாம் என்று அனுமதி தந்தவரும் அவரே. அந்த முடிவு ஆயுள் முழுக்க அவரைத் துரத்தியது. மார்ச் மாதத் தொடக்கத்தில் அவர் நீக்கப்பட்ட பிறகுதான் டிவிஷன் கோவன் கைக்கு வந்தது. அப்படியானால் பகோடா குன்றுப் பக்கம் ஒரு மேஜர் ஜெனரல் கோவன் இருந்திருக்க முடியாது. பிரபலமான ஒரு கதை ஒரே தேதியில் விழுந்துவிடும்போலத் தோன்றியது.

அது விழவில்லை. கோவன் அந்த நாட்களில் சிட்டாங் அருகேதான் இருந்தார், பிரிகேடியராக. டெல்லி தலைமையகத்தில் ராணுவப் பயிற்சி இயக்குநராக இருந்தவரை, ஸ்மைத்துக்குத் துணையாக டிவிஷன் தலைமையகத்துக்கு அனுப்பியிருந்தார்கள். பாலத்தின் பொறுப்பில் இருந்த பிரிகேடியர் ஹ்யூ-ஜோன்ஸ், தகர்க்கலாமா என்று அன்றிரவு தொலைபேசியில் கேட்டபோது, அந்த அழைப்பை எடுத்தவரும் கோவன்தான். ஆள் அங்கே இருந்திருக்கிறார். அவரும் மிலிட்டரி கிராஸ் பெற்றவர், ஆகவே குத்துவதற்கு அவரிடம் ரிப்பன் இருந்திருக்கிறது. வெள்ளைப் பட்டை, ஊதாப் பட்டை, மறுபடி வெள்ளை. பதக்கத்தை யாரும் போர்க்களத்துக்கு எடுத்து வருவதில்லை, சீருடையில் ரிப்பன் மட்டும் இருக்கும். கதை பதக்கம் என்று சொல்லாமல் ரிப்பன் என்று சொல்வதை முக்கியமாகக் கருதுகிறேன். ராணுவ வாழ்க்கையை அறிந்தவர் வாயிலிருந்து வந்த கதை இது.

‘செத்தவனுக்கு’ என்ற அந்த வசனத்தைச் சோதிக்க விதியைப் பார்க்க வேண்டும். மிலிட்டரி கிராஸ் 1914 டிசம்பரில், முதல் உலகப் போரின்போது, கேப்டன் பதவி வரையிலான இளைய அதிகாரிகளுக்காக உருவாக்கப்பட்டது. பிரிட்டிஷ் முறையில், எதிரியின் முன் காட்டிய வீரத்துக்காக இறந்தவருக்குத் தரக்கூடியவை அப்போது விக்டோரியா கிராஸும் அறிக்கையில் பெயர் குறிப்பிடப்படும் மரியாதையும் மட்டுமே. இடையில் இருந்த மிலிட்டரி கிராஸ் உள்ளிட்ட விருதுகளுக்கு அந்தக் கதவு 1979 வரை திறக்கவில்லை. ஆக அந்த வசனம் வெறும் நாடகப் பேச்சு அல்ல, அன்றைய சட்டம். சாகக் கிடந்தவருக்கு அந்த மரியாதை போய்ச் சேரவேண்டுமானால் அவர் மூச்சு இருக்கும்போதே சேரவேண்டும்.

ஆனால் ஒரு பிரிகேடியர் ரிப்பனைக் குத்திவிட்டால் விருது ஆகிவிடாது. இங்கேதான் படிவம் வருகிறது. போர்க்கால விருதுப் பரிந்துரைகளைப் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகம் டபிள்யூ.ஓ. 373 என்ற தொகுதி வரிசையில் வைத்திருக்கிறது. அந்தப் படிவத்தில் யார், எந்தப் பிரிவு, என்ன செய்தார் என்பதற்கெல்லாம் கட்டங்கள் உண்டு. பரிந்துரைத்தவரின் கையெழுத்துக்கும் ஒரு கட்டம். பட்டாலியனில் தொடங்கும் தாள் பிரிகேடு, டிவிஷன், அதற்கு மேல் என்று ஏறும். விருது தரும் அதிகாரம் உச்சியில் உள்ள தலைமைத் தளபதிக்குத்தான்.

ஏப்ரலில் அரசிதழ் என்றால் தாள் மார்ச்சில் டிவிஷனைக் கடந்திருக்க வேண்டும். மார்ச்சில் அந்த டிவிஷனின் தளபதி கோவன். அந்தத் தாளில் அவர் இடம் டிவிஷன் தளபதியின் இடம்தான். என் முடிவு இதுதான்: குன்றில் ரிப்பன் குத்திய பிரிகேடியர் கோவனும், அடுத்த மாதம் பரிந்துரையை மேலே அனுப்பும் இடத்தில் இருந்த டிவிஷன் தளபதி கோவனும் ஒரே ஆள். எழுதியவர்கள் இரண்டு தருணங்களையும் ஒன்றாக்கி, பிந்தைய பதவியை முந்தைய நாளுக்கு ஒட்டிவிட்டார்கள். புத்தகத்துக்குப் புத்தகம் அப்படியே இறங்கிவந்தது. கதையின் உயிர் கெடவில்லை. ஆனால் இதைத் திருத்தாமல் விட்டால் ஸ்மைத் அந்தக் களத்திலிருந்தே காணாமல் போகிறார். சிட்டாங்கின் துயரம் முழுவதையும் சுமந்த மனிதருக்கு அது அநியாயம்.

இன்னொருவருக்கும் இந்தக் கதையில் உரிய இடம் கிடைப்பதில்லை. விருதைக் காத்தது ரிப்பன் என்றால், உயிரைக் காத்தவர் ஷேர் சிங் என்ற சீக்கிய ஆர்டர்லி. தன் அதிகாரியைத் தூக்கிக்கொண்டு மருத்துவர்களிடம் சேர்த்தவர் அவர். இவரிடம் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று தயங்கிய ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர், மனம் மாறிக் கத்தியை எடுத்தார். ‘என்ன ஆயிற்று’ என்று கேட்டதற்கு, கோவேறு கழுதை உதைத்துவிட்டது என்று மானெக்‌ஷா சொன்னாராம். அதைக் கேட்டு மருத்துவர் மனம் மாறியதாகச் சொல்வது எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. எனக்கு ஷேர் சிங்தான் பெரிதாகத் தெரிகிறார்.

அதன் பிறகு வந்தவை வேறு வகை. 1968இல் பத்ம பூஷண், 1972இல் பத்ம விபூஷண், 1973 ஜனவரியில் ஃபீல்டு மார்ஷல் பதவி. இவை தலைமைக்கும் நீண்ட சேவைக்கும் கிடைத்த மரியாதைகள். குன்னூரில் ஓய்வுக்காலத்தைக் கழித்து, 2008 ஜூன் 27 அன்று வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் அவர் காலமானார். எதிரியின் துப்பாக்கிக்கு முன் நின்றதற்காகப் பெற்ற கிராஸ் அந்த ஒன்றே. பெயருக்குப் பின்னால் கடைசி வரை ஒட்டியிருந்ததும் ‘எம்.சி.’ என்ற அந்த இரண்டு எழுத்துகள்தான்.

சுதந்திர இந்தியா தன் விருதுகளை 1950 ஜனவரி 26 அன்று உருவாக்கி, 1947 ஆகஸ்ட் 15 முதல் செல்லும் என்று அறிவித்தபோது, கோவனை அவசரப்படுத்திய அந்த விதியை ஏற்றுக்கொள்ளவில்லை. பரம் வீர் சக்ரா, மகாவீர் சக்ரா, வீர் சக்ரா மூன்றும் இறந்தவருக்கும் உரியவை. முதல் பரம் வீர் சக்ராவே, 1947 நவம்பரில் பட்காமில் உயிர்விட்ட மேஜர் சோம்நாத் சர்மாவுக்குத்தான். 1971 போரில் அந்த விருதைப் பெற்றவர்கள் நால்வர். ஆல்பர்ட் எக்கா, விமானப்படையின் நிர்மல் ஜித் சிங் செகோன், அருண் கேதர்பால் ஆகிய மூவருக்கு மறைவுக்குப் பின். ஹோஷியார் சிங் மட்டும் உயிரோடு வாங்கிக்கொண்டார். அந்தப் போரில் ராணுவத் தலைமைத் தளபதி சாம் மானெக்‌ஷா.