அமெரிக்கக் காற்பந்தில் தண்டனைக்குப் பின் ஆட்டக் கடிகாரம்

அமெரிக்கக் காற்பந்தில் ஒரு தவறுக்குத் தண்டனை வழங்கப்பட்ட பின்னர் ஆட்டக் கடிகாரம் மீண்டும் எப்போது ஓடத் தொடங்கும் என்பது விதிகளால் வரையறுக்கப்பட்டுள்ளது. நடுவரின் சைகையுடன் தொடங்குதல், பந்து பின்னோக்கித் தரப்படும் 'சினாப்' நிகழும்போது தொடங்குதல் என இரு முறைகள் உள்ளன. முதல் முறையில் அணிகள் அணிவகுத்து நிற்கும்போதே நேரம் கழியும், இரண்டாவதில் கழியாது. இறுதி நிமிடங்களில் இவ்வேறுபாடு வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கக்கூடும்.

பொது விதி

என்.எஃப்.எல். எனப்படும் தேசிய காற்பந்துக் கூட்டிணைவின் ஆட்டம் தலா 15 நிமிடங்கள் கொண்ட நான்கு கால்பகுதிகளாக நடைபெறுகிறது. தண்டனை நிறைவேற்றப்பட்டாலும், எதிரணி அதனை மறுத்தாலும், அத்தவறு நிகழாதிருந்தால் கடிகாரம் எவ்வாறு தொடங்கியிருக்குமோ அவ்வாறே தொடங்கும். எடுத்துக்காட்டாக, பந்தை ஏந்தியவர் எல்லைக்குள் வீழ்த்தப்பட்டிருந்தால் நடுவரின் சைகையுடன் தொடங்கும். எறியப்பட்ட பந்து பிடிபடாமல் தரையில் விழுந்திருந்தால் சினாப்புடன் தொடங்கும்.

முதற்பாதியின் இறுதி 2 நிமிடங்களிலும் இரண்டாம் பாதியின் இறுதி 5 நிமிடங்களிலும் தவறு நிகழ்ந்தால், பொதுவாகக் கடிகாரம் சினாப்புடன் மட்டுமே தொடங்கும்.

பத்து நொடிக் கழிவு

தாக்கும் அணி வேண்டுமென்றே தவறிழைத்துக் கடிகாரத்தை நிறுத்துவதைத் தடுக்க இவ்விதி உள்ளது. ஒவ்வொரு பாதியின் இறுதி 2 நிமிடங்களில், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது சினாப்புக்கு முன்னரே அசைதல் போன்ற தவறுகளைத் தாக்கும் அணி செய்தால், தொலைவுத் தண்டனையுடன் 10 நொடிகளும் கழிக்கப்படும். அதன்பின் கடிகாரம் நடுவரின் சைகையுடன் தொடங்கும். எஞ்சிய நேரம் 10 நொடிகளுக்குக் குறைவாயின் அப்பாதி முடிந்துவிடும். தவறிழைத்த அணி தன்னிடம் மீதமுள்ள இடைநிறுத்தம் ஒன்றைப் பயன்படுத்திக் கழிவைத் தவிர்க்கலாம். எதிரணி கழிவை மட்டும் மறுத்துத் தொலைவுத் தண்டனையை ஏற்கவும் இயலும்.

கல்லூரி ஆட்டம்

2010 டிசம்பர் 30 அன்று நாஷ்வில் நகரில் நடைபெற்ற மியூசிக் சிட்டி பௌல் ஆட்டத்தில் வட கரொலைனா அணி 17–20 எனப் பின்தங்கியிருந்தது. இறுதி நொடிகளில் அவ்வணி 11 பேருக்கு மேற்பட்ட வீரர்களுடன் பந்தைத் தரையில் அடித்துக் கடிகாரத்தை நிறுத்தியது. 5 கெஜத் தண்டனை விதிக்கப்பட்டது. ஆயினும் 1 நொடி எஞ்சியது. அந்நொடியில் ஃபீல்டு கோல் அடித்துச் சமன்செய்த அவ்வணி, கூடுதல் நேரத்தில் டென்னசி அணியை 30–27 என வென்றது. கல்லூரி விதிகளில் அப்போது நேரக் கழிவு இல்லை. 2011 ஆம் ஆண்டு 10 நொடிக் கழிவு கல்லூரி ஆட்டத்திலும் அறிமுகமானது. தொடக்கத்தில் இறுதி 1 நிமிடத்துக்கு மட்டும் பொருந்திய இவ்விதி, 2024 முதல் இறுதி 2 நிமிடங்களுக்கும் பொருந்துகிறது.

2020 ஆம் ஆண்டு மாற்றம்

முன்னிலையிலுள்ள அணி, இறுதி 5 நிமிடங்களுக்கு முன்னர் அடுத்தடுத்துச் சிறு தவறுகள் செய்து நேரத்தைக் கழிக்க என்.எஃப்.எல். விதிகள் இடமளித்தன. 2019 அக்டோபரில் பில் பெலிச்சிக் பயிற்றுவித்த நியூ இங்கிலாந்து பேட்ரியட்சு அணி ஜெட்சு அணிக்கு எதிராக இவ்வுத்தியைக் கையாண்டது. 2020 சனவரியில் மைக் விரேபல் பயிற்றுவித்த டென்னசி டைட்டன்சு அணி அதே உத்தியைப் பேட்ரியட்சு அணிக்கு எதிராகவே பயன்படுத்தி 20–13 என வென்றது. கடிகாரம் ஓடும்போது இவ்வாறு தொடர்ந்து தவறிழைத்து நேரத்தைக் கழிப்பதைத் தடுக்கும் திருத்தம் அவ்வாண்டே நிறைவேற்றப்பட்டது.

இவற்றையும் பார்க்க

அமெரிக்கக் காற்பந்து
தேசிய காற்பந்துக் கூட்டிணைவு