குமிழி சொல்லும் வரலாறு

கார் பாட்டரிக்கு மின்னேற்றம் செய்யும்போது, நேரம் செல்லச் செல்ல உள்ளிருந்து மெல்லிய கொதிப்போசை எழுவதுண்டு. அமிலம் சூடேறிக் கொதிப்பதாகப் பலர் எண்ணுவர். ஆனால் அது கொதிப்பன்று. நீர் இரு வாயுக்களாகப் பிரியும் ஓசை. அந்தக் குமிழிகளின் வரலாறு பாட்டரியின் வரலாற்றோடு பிறந்தது. வீட்டில் மின்னேற்றம் செய்வோர் கைக்கொள்ள வேண்டிய எச்சரிக்கைகள் எல்லாம் அந்த வரலாற்றிலேயே அடங்கியுள்ளன.

1800ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் வோல்டா தம் மின்னடுக்கை உலகுக்கு அறிவித்தார். அதே ஆண்டில் இலண்டனில் நிக்கல்சன், கார்லைல் என்னும் இருவர் அத்தகைய அடுக்கு ஒன்றை அமைத்தனர். கம்பியின் தொடர்பு நன்கு அமைவதற்காக ஒரு துளி நீரை விட்டபோது, அங்கே குமிழிகள் தோன்றின. ஆராய்ந்து பார்த்ததில் ஒரு முனையில் ஹைட்ரஜனும், மறுமுனையில் ஆக்சிஜனும் வெளிப்படுவது தெரிந்தது. மின்னோட்டம் நீரைப் பிளக்கும் என்ற உண்மை இவ்வாறு வெளிப்பட்டது.

மறு ஆண்டிலேயே பிரெஞ்சுக்காரரான கோத்தரோ மற்றொரு புதுமையைக் கண்டார். நீரைப் பிளக்கப் பயன்படுத்திய கம்பிகளை அடுக்கிலிருந்து பிரித்த பின்னும், அவற்றிலிருந்து சிறிது நேரம் மின்னோட்டம் எதிர்த்திசையில் வந்தது! கொடுத்த மின்சாரத்தில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம் என்பதற்கு இதுவே முதல் அறிகுறி.

அதைப் பயனுள்ள கருவியாக்கியவர் பிரான்சு நாட்டு இயற்பியலறிஞர் காஸ்டன் பிளான்ட்டே. 1859இல் அவர் இரண்டு ஈயத் தகடுகளை, ஒன்றையொன்று தொடாதவாறு இடையே ரப்பர் பட்டைகள் வைத்துச் சுருட்டி, நீர்த்த கந்தக அமிலத்தில் இட்டார். இதுவே ஈய அமிலச் சேமக்கலம். மின்னேற்றம் செய்தபோது ஒரு தகட்டின் மேல் ஈய டையாக்சைடும், மற்றதில் கடற்பஞ்சு போன்ற ஈயமும் உருவாயின. ஆயினும் தகடுகளைப் பக்குவப்படுத்தவே பல மாதங்கள் ஆயின. 1881 அளவில் காமில் ஃபோர் ஈய ஆக்சைடுப் பசையைத் தகட்டின் மேல் பூசும் முறையைக் கொண்டுவந்து இக்குறையைப் போக்கினார். 1871இல் கிராம் என்பவர் செய்துகாட்டிய டைனமோ, மின்னேற்றத்திற்குத் தாராளமான மின்சாரத்தையும் தந்திருந்தது.

கலத்தினுள் நிகழ்வது என்ன? கிளாட்ஸ்டன், டிரைப் என்னும் ஆங்கிலேயர் 1882இல் இதை விளக்கினர். கலம் மின்சாரத்தைத் தரும்போது இரு தகடுகளும் ஈய சல்பேட்டாக மாறுகின்றன, அமிலம் நீர்த்துப்போகிறது. மின்னேற்றத்தின்போது இதற்கு நேர்மாறான மாற்றம் நிகழ்ந்து, அமிலம் மீண்டும் வலுப்பெறுகிறது. மாற வேண்டிய சல்பேட் தீர்ந்த பிறகும் மின்னோட்டம் தொடர்ந்தால்? அது 1800இல் செய்த வேலையையே மறுபடியும் செய்கிறது, நீரைப் பிளக்கிறது. ஒரு கலத்தின் மின்னழுத்தம் சுமார் 2.4 வோல்ட்டை எட்டும்போது குமிழிகள் மிகுதியாகின்றன. ஆறு கலங்கள் கொண்ட 12 வோல்ட் பாட்டரியில் இது 14.4 வோல்ட் ஆகும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த வேலை வீட்டிற்குள் புகுந்தது. அமெரிக்க நகரங்களில் மின்சாரக் கார்கள் ஓடின. பெட்ரோல் கார்களைச் செய்து விற்ற ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே 1914ஆம் ஆண்டின் மின்சாரக் கார் ஒன்றை வைத்திருந்தார். வீடுகளுக்கு வந்ததோ பெரும்பாலும் மாறுதிசை மின்சாரம். பாட்டரிக்கு வேண்டியது நேர்திசை மின்சாரம். 1902இல் கூப்பர் ஹியூவிட் அமைத்த பாதரச ஆவித் திருத்தி இந்த இடைவெளியை நிரப்பியது. ஆனால் எப்போது நிறுத்துவது என்பதை மனிதரே கவனிக்க வேண்டியிருந்தது. 1912இல் காடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தபின் பெட்ரோல் காருக்கும் பாட்டரி இன்றியமையாததாயிற்று.

இன்று நல்ல சார்ஜர்கள் தாமே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்கின்றன. ஆயினும் குமிழியின் இயல்பு மாறவில்லை. காற்றில் நூற்றுக்கு 4 பங்கு ஹைட்ரஜன் கலந்தாலே அது தீப்பற்றும். அதற்கு ஒரு சிறு பொறி போதும். பாட்டரி வெடித்தால் ஓட்டின் சிதறல்களோடு அமிலமும் முகத்தில் தெறிக்கும். ஆகவே, காற்றோட்டமான இடத்திலேயே மின்னேற்றம் செய்ய வேண்டும். அருகில் அடுப்போ, பீடி சிகரெட்டோ கூடாது. கவ்விகளை முனைகளில் மாட்டிய பிறகே சார்ஜரின் சுவிட்சைப் போடுக. கழற்றும்போது முதலில் சுவிட்சை அணைத்திடுக. பொறி எழாமல் காக்கும் வழி இதுவே.

மின்னோட்டமும் அளவோடு இருக்கட்டும். 40 ஆம்பியர்-மணி பாட்டரிக்கு 4 ஆம்பியர், அதாவது பத்தில் ஒரு பங்கு, ஏற்றது. கார் பாட்டரிக்கான மின்னோட்டத்தை ஸ்கூட்டரின் சிறிய பாட்டரிக்குச் செலுத்தினால் அது சூடேறிப் பாழாகும். குமிழிகளாய்ப் போனது நீர்தான். எனவே மூடி திறக்கக்கூடிய பாட்டரியில் காய்ச்சி வடித்த நீரையே ஊற்ற வேண்டும், அமிலத்தையன்று. கண்ணாடியும் கையுறையும் அணிவது நன்று. கண்ணில் அமிலம் பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் கால் மணி நேரமேனும் கழுவி, மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

1991இல் விற்பனைக்கு வந்த லித்தியம் அயனி பாட்டரியில் நீர் இல்லை. இந்தக் குமிழிகளும் இல்லை. ஆனால் அளவு மீறி மின்னேற்றினால் அது தானே கடும் வெப்பமடைந்து தீப்பிடிக்கக்கூடும். எனவே மின்சார ஸ்கூட்டருக்கு அதற்கென்றே அளித்த சார்ஜரையே பயன்படுத்த வேண்டும். வீட்டின் வாயிலை அடைத்து வைத்து மின்னேற்றம் செய்யலாகாது.

கொடுத்த மின்சாரத்தைத் திரும்பத் தரும் கலத்தை மனிதன் 1859இல் செய்துவிட்டான். போதும் என்று நிறுத்த வேண்டிய தருணத்தை அறிவதற்கே அவனுக்கு நெடுங்காலம் பிடித்தது. பாட்டரியிலிருந்து எழும் அந்த மெல்லிய ஓசை இன்றும் அதைத்தான் நினைவூட்டுகிறது.