திண்ணையில் ஓதிய கணக்கு

ஆண்டை மூன்று பருவங்களாகப் பிரித்து, பருவத்துக்கொரு புத்தகக் கட்டாகப் பாடத்தை அளந்து கொடுக்கும் ஏற்பாடு தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு 2012இல் வந்தது. அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் நம் கிராமங்களில் பிள்ளைகள் என்ன படித்தார்கள் என்று விசாரிக்கப் புகுந்தால், வகுப்பு, பருவம், பரீட்சை என்ற பிரிவினை ஏதுமின்றி, ஐந்து வயதுப் பாலகனும் பன்னிரண்டு வயதுப் பையனும் அடுத்தடுத்து அமர்ந்து, அவரவர் எட்டிய இடத்திலிருந்து அவரவர் பாடத்தை உரத்த குரலில் ஓதிக்கொண்டிருந்த திண்ணைப் பள்ளிக்கூடத்தில் போய் நிற்போம். அந்தக் கூச்சலைப் பொருளறியாத குருட்டு மனனம் என்று வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதிவைத்தார்கள். நம்மவரும் வெகுகாலம் அதையே திருப்பிச் சொல்லிவந்தார்கள். பிள்ளைகள் ஓதியது இன்னதென்று சற்று நின்று கவனித்தால், அந்தத் தீர்ப்பு பாதிக்குமேல் பிழை என்பது என் துணிபு.

விஜயதசமியன்று வித்தியாரம்பம். அதன்பின் மணலே ஏடாகவும் விரலே எழுத்தாணியாகவும் அரிச்சுவடி நடக்கும். மணலில் கை திருந்திய பிறகே பனையோலை கைக்கு வரும். முன்னேறிய மாணவன் சட்டாம்பிள்ளையாகி இளையவர்களுக்குப் பாடம் சொல்வான். இந்த மணலும் சட்டாம்பிள்ளையும் கடல் கடந்த கதை விநோதமானது. எழும்பூரில் இருந்த ஆண் அநாதைச் சிறுவர் காப்பகத்தின் மேற்பார்வையை 1789இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதக் கண்டு அதைத் தம் காப்பகத்தில் புகுத்தினார். மாணவனைக் கொண்டே மாணவனுக்குப் போதிக்கும் முறையையும் அங்கே நடத்திப் பார்த்து, 1797இல் லண்டனில் நூலாக அச்சிட்டார். அது ‘சென்னை முறை’ என்ற பெயருடன் இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுடைய பள்ளிகளில் வெகுவாகப் பரவியது. அங்கே அவ்வளவு மரியாதை பெற்ற மணல், இங்கே அநாகரிகத்தின் அடையாளமாயிற்று.

எழுத்தைக் காட்டிலும் திண்ணையின் தனிப்பெருமை எண்சுவடியில்தான் இருந்தது. ஒன்று, இரண்டு என்று மேலேறும் பேரிலக்கம் ஒருபுறமிருக்க, ஒன்றுக்குக் கீழே இறங்கும் சிற்றிலக்கத்தில் பிள்ளைகள் பெற்ற பயிற்சியே இன்று நம்மைத் திகைக்கவைப்பது. இருபதில் ஒரு பங்கு மா; அதில் கால் பங்கு காணி; காணியில் கால் முந்திரி, அதாவது 320இல் ஒன்று; அந்த முந்திரியையும் மீண்டும் 320ஆகப் பகுத்தால் கீழ்முந்திரி. பதினாறில் ஒரு பங்குக்கு மாகாணி என்றும் வீசம் என்றும் பெயர். முக்காலை முக்காலால் பெருக்கினால் அரையும் வீசமும் என்று பத்து வயதுப் பையன் ஓலையும் மணலும் தேடாமல் வாயால் சொல்வான். வாய்பாட்டை நூறுமுறை ஓதியதனால் மட்டும் அது வந்ததன்று. மாலையில் உபாத்தியாயர் தொடுக்கும் கணக்குகளை மனத்துக்குள்ளேயே பிரித்தும் கூட்டியும் விடை காணவேண்டியிருந்தமையால், ஓதிய வாய்பாடு அவனுக்குக் கருவியாயிற்று.

நெல்லிலக்கமும் அத்தகையதே. 360 நெல் ஒரு செவிடு, ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு என்று தொடங்கி, உழக்கு, உரி, நாழி, குறுணி, பதக்கு, தூணி என்று ஏறிக் கலத்தில் போய் முடியும் அந்த அடுக்கின்படி, ஒரு கலத்தில் 13,82,400 நெல் இருக்கவேண்டும். எவரும் எண்ணிப் பார்த்திருக்கமாட்டார்கள்! ஆயினும் களத்துமேட்டில் வாரம் பிரிக்கையில் தன் பங்கு குறைந்ததா என்று கண்டுகொள்ளக் குறுணியும் பதக்கும் தெரிந்தாகவேண்டும். நிலத்தின் நீள அகலத்தைப் பெருக்கிக் குழி காணக் குழிமாற்று தெரிந்தாகவேண்டும். கணக்குப்பிள்ளைக்கு எதிரே நிற்கும் குடியானவனின் மகனுக்கு இதைவிட உபயோகமான வித்தை வேறு எது?

ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி, மூதுரை முதலிய நீதிநூல்களும், சதகங்களும், நிகண்டும் முறையே வந்தன. அவற்றைப் பற்றி நம் முன்னோர் நிறையவே எழுதியிருக்கிறார்கள்.

சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ 1822இல் கலெக்டர்களை ஏவித் தகவல் திரட்டியபோது, மாகாணமெங்கும் 12,498 பள்ளிகளும் ஏறக்குறைய 1,88,000 மாணவர்களும் இருக்கக் கண்டார். ஜனங்களில் ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்பது அவர் கணிப்பு. இந்தத் தொகையைக் காட்டிப் பழமையைப் புகழ்வோர் அதன் மறுபக்கத்தை மறைத்தல் தகாது. பெண் குழந்தைகள் மிகச் சொற்பம். தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அந்தத் திண்ணையில் இடமே இல்லை. அதாவது, களத்தில் நெல்லை அளந்து குவித்த கைகளுள் பலவற்றுக்கு நெல்லிலக்கம் எட்டவில்லை. இடம் பெற்றவர்களுக்கோ, பிரம்படியும், உத்தரத்திலிருந்து தொங்கும் கயிற்றைப் பிடித்து ஆடவிடும் கோதண்டமும் காத்திருந்தன. உபாத்தியாயரின் வரும்படியும் அற்பம். மாதச் சம்பளம் போக நெல்லும் எண்ணெயும், நவராத்திரியில் பிள்ளைகள் கோலாட்டமடித்து வீடுவீடாகச் சென்று பெற்றுத் தந்ததுமே அவர் குடும்பத்தைக் காத்தன.

1854இல் வெளிவந்த சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கைக்குப் பிறகு, சர்க்காரின் உதவித்தொகை திண்ணைகளையும் தேடி வந்தது. பின்னாலேயே இன்ஸ்பெக்டரும் வந்தார். பதிவேடு, மணி, அச்சிட்ட வாசகப் புத்தகம், சிலேட்டு ஆகிய யாவும் நுழைந்தபின், வாயால் கணக்கிடும் திறமைக்குப் பரீட்சையில் மதிப்பில்லாது போயிற்று. இருந்தும் எண்சுவடி உடனே அழியவில்லை. அச்சேறிய மலிவுப் பதிப்பாகக் கடைகளில் விற்றது. வியாபாரம் செய்வோர் தம் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கற்பித்தனர். கடைத்தெருவில் வீசமும் மாகாணியும் வழங்கும்வரை அதற்கு வேலை இருந்தது. 1957 ஏப்ரல் 1ஆம் நாள் ரூபாய் நூறு நயா பைசாவாகி, அடுத்த சில ஆண்டுகளில் படியும் வீசையும் லிட்டருக்கும் கிலோவுக்கும் வழிவிட்டபோது அந்த வேலை தீர்ந்தது. தஞ்சைப் பக்கத்தில் மட்டும் நிலத்தை இன்னும் மா என்றும் குழி என்றுமே பேசுகிறார்கள். பட்டாவிலோ ஹெக்டேரும் ஏரும். ஆகவே அங்கே ஒரு பிள்ளை பட்டாவின் அளவைப் பள்ளியிலும், வயலின் அளவை வரப்பில் தகப்பனிடமுமாக இரண்டு கணக்குகள் கற்கிறது.