தசபந்தம்: ரேணிகுண்டா வட்டார ஏரிகளில் உரிமையும் கடமையும்

ரேணிகுண்டா என்னும் ஊர்ப்பெயரின் ஈற்றில் நிற்கும் ‘குண்ட’ என்பது தெலுங்கில் குட்டையைக் குறிக்கும் சொல்லாகும். அருகில் ஓடும் பொன்முகலியாறு மழைக்காலத்தில் மட்டுமே பெருகுவது. ஆதலின், இவ்வட்டார வேளாண்மை மண்கரை ஏரிகளையே சார்ந்திருந்தது.

இவ்வேரிகள் அனைத்தும் அரசர் அமைத்தவை அல்ல. 16-ஆம் நூற்றாண்டுத் திருமலை-திருப்பதிக் கல்வெட்டுகள் பெரும்பாலும் தமிழில் அமைந்தவை. அடியார் அளித்த பொன் கோயிற் சிற்றூர்களில் ஏரி, கால்வாய் வெட்டச் செலவிடப்பட்டதையும், அதனால் பெருகிய விளைவிலிருந்து திருவமுது படைக்கப்பட்டதையும் அவை குறிக்கின்றன. பொருள் கொடுத்தோர் புண்ணியம் பெற்றனர். ஆயின், கரையை ஆண்டுதோறும் காப்பதற்கு நிலையான வருவாய் வேண்டியிருந்தது.

அத்தேவையை நிறைவு செய்ததே ‘தசபந்தம்’ என்னும் முறையாகும். சொந்தச் செலவில் ஏரி கட்டியவருக்கோ பழுதுபார்த்தவருக்கோ அதன் வருவாயில் பத்தில் ஒரு பங்கு விட்டுக்கொடுக்கப்பட்டது. தனி நிலமாக அளிக்கப்பட்டது ‘கண்டம்’ எனவும், பாசன வருவாயில் பங்காக அளிக்கப்பட்டது ‘சாமிலாத்து’ எனவும் வழங்கின. தமிழகத்து ஏரிப்பட்டியும் கன்னட நாட்டுக் கட்டுக்கொடுகையும் இதனோடு ஒப்பிடத்தக்கவை. 1858-இல் சென்னை மாகாணத்தில் அமைக்கப்பட்ட இனாம் ஆணையமும் அதனைத் தொடர்ந்த வருவாய் விதிகளும் கடமை நிறைவேறும் வரையிலேயே இவ்வுரிமையை ஏற்றன. கரையைப் பேணத் தவறினால் இனாம் மீட்கப்படலாம். எனவே, ‘தனியார் ஏரி’ என்பது முழுச்சொத்தன்று. பணிக்குக் கட்டுப்பட்ட உரிமையே எனலாம்.

இப்பிணைப்பை நிலச்சீர்திருத்தம் அறுத்தது. 1948-ஆம் ஆண்டுச் சென்னை எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் ஜமீன் பாசன ஏரிகளை அரசுடைமையாக்கியது; 1956-ஆம் ஆண்டு இனாம் ஒழிப்புச் சட்டம் இனாம் நிலங்களை இரயத்துவாரிக்கு மாற்றியது. இடைத்தரகர் ஆதிக்கம் ஒழிந்தது பெரும்பேறே. ஆயினும், நிலம் பட்டாதாரருக்கும் கரை அரசுத் துறைக்கும் எனப் பிரிந்தன. எலிவளை, நண்டுவளை, மரவேர், மழையரிப்பு ஆகியவற்றை அவ்வப்போது அடைத்தாலன்றி மண்கரை நிலைக்காது. அச்சிறுபணிக்கு உரியவர் எவர் என்பது தெளிவற்றதாயிற்று. 1997-ஆம் ஆண்டு ஆந்திரப் பாசன மேலாண்மைச் சட்டம் நீர்ப்பயன்பாட்டாளர் சங்கங்களை அமைத்தது இக்குறையை நீக்கும் முயற்சியாகும்.

2021 நவம்பர்ப் பெருமழையில் திருப்பதிக்கு அருகிலுள்ள இராயலச்செருவின் கரையில் நீர் கசிந்தது; கீழுள்ள ஊர்களின் மக்கள் வெளியேற்றப்பட்டனர். ஏரியின் உடைமை எவரிடம் இருப்பினும், கரைகாப்போர்க்கு அதன் விளைவில் பங்கிருத்தல் வேண்டும் என்பதே தசபந்த வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.